அனாமத்துக் கணக்கு

பொங்கல் லீவு முடிந்துவிட்டது. உங்கள் வீடு இப்போது எப்படி இருக்கும் என்று பார்க்காமலே சொல்லிவிடுவேன். ஏனென்றால் என் வீடும் அப்படித்தான் இருக்கிறது.

வாசலில் காய்ந்துபோன கரும்புத் தோகை. அடுப்படி மூலையில் வாடிய மஞ்சள் கொத்து. ஊரிலிருந்து வந்த கட்டைப் பைகள் மூன்று, இன்னும் பிரிக்காமல். ஃபிரிட்ஜில் நாலு நாள் ஆன சர்க்கரைப் பொங்கல் ஒரு கிண்ணம். யாரும் சாப்பிடப் போவதில்லை என்று எல்லோருக்கும் தெரியும், ஆனால் கொட்டத்தான் யாருக்கும் மனசு வராது. சோபா மேல் துவைக்க வேண்டிய துணி, ஒரு மலை. வீட்டு ஆண்கள் அந்த மலையைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு உட்கார்ந்து டி.வி. பார்ப்பார்கள். ஆண்களுக்கு லீவு முடிந்துவிட்டது. பெண்களுக்கு அது எப்போது ஆரம்பித்தது என்று யாராவது கேட்டுச் சொல்லுங்கள்.

ஆக, இந்த வாரம் தமிழ்நாட்டில் லட்சக்கணக்கான வீடுகளில் நடக்கப்போவது வீடு ஒழிக்கும் வேலை. அதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். ஆனால் டிப்ஸ் எதிர்பார்க்காதீர்கள். அலமாரியை எப்படி அடுக்குவது என்று சொல்ல வேறு பக்கங்கள் இருக்கின்றன. நான் கேட்க வந்தது ஒரே ஒரு கேள்வி. அதுவும் என்னுடைய கேள்வி இல்லை. ஜவ்வாது மலையில் ஒரு கிழவி என்னிடம் கேட்டது.

காணும் பொங்கலன்று மெரினா கூட்டத்துக்கும் வண்டலூர் கூட்டத்துக்கும் பயந்து, குடும்பத்தோடு ஜவ்வாது மலைக்குப் போயிருந்தோம். எங்களைப் போலவே பயந்தவர்கள் ஒரு பெரிய கூட்டமாக அங்கே வந்திருந்தார்கள். போளூரிலிருந்து ஜமுனாமரத்தூர் ஏறும் மலைப்பாதையில் வரிசையாக வண்டிகள். பீமன் நீர்வீழ்ச்சியில் கூட்டம், கோமுட்டேரி படகுத் துறையில் கூட்டம். சரி, நாமும் கூட்டம்தானே என்று நாங்களும் கலந்துகொண்டோம்.

மறுநாள் காலை ஊருக்குத் திரும்பும் வழியில், ரோட்டோரம் ஒரு டீக்கடையில் நிறுத்தினேன். கடையை ஒட்டி ஒரு மண் வீடு. வாசலை ஒரு வயதான அம்மா பெருக்கிக்கொண்டிருந்தார். இரண்டு குவியல் சேர்த்தார். ஒன்று இலை, சருகு, சாணம். அதை அள்ளிக்கொண்டு போய் எருக்குழியில் போட்டார். இன்னொன்று பேப்பர் கப், சிப்ஸ் பாக்கெட், பிரியாணி வாங்கிய டப்பா, தண்ணீர் பாட்டில், யாரோ ஒரு குழந்தையின் டயபர். அந்தக் குவியலின் முன்னால் துடைப்பத்தோடு நின்றார். அதை எங்கே கொண்டுபோவது என்று அவருக்குத் தெரியவில்லை.

"பாவம் ஆயா, உங்களுக்கு வேலை வெச்சுட்டுப் போயிட்டாங்க" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். "ஏம்பா, உங்க ஊர்ல போகிக்கு எல்லாரும் வூட்டை சுத்தம் பண்ணுவீங்கல்ல?"

"ஆமா ஆயா."

"அதையெல்லாம் எங்க போடுவீங்க?"

கிண்டலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நான் 'போயிட்டாங்க' என்று சொன்னதை அவர் நாசூக்காக 'நீங்க' என்று திருத்தியதைக் கவனித்தேன். கையில் டீ இருந்தது. பேப்பர் கப்பில்.

பதில் சொல்லாமல் வண்டிக்கு வந்தேன். ஊரிலிருந்து கிளம்பும்போது ஆறு தண்ணீர் பாட்டில் வாங்கி வைத்திருந்தோம். இப்போது வண்டியில் இரண்டுதான் இருந்தன. மீதி நாலு எங்கே? எங்கள் வீட்டு நாலு பேருக்கும் தெரியவில்லை. யாரும் தூக்கி எறியவில்லை என்று எல்லோரும் சத்தியம் செய்தோம். பாட்டில்கள் தானாகவே இறங்கி நடந்து போயிருக்க வேண்டும்.

நான் பி.காம். படித்தவன். மற்றதெல்லாம் மறந்துவிட்டாலும், இரட்டைப் பதிவு முறை மறக்கவில்லை. உள்ளே வருவதைப் பற்று வை, வெளியே போவதை வரவு வை. ஒரு கணக்கில் ஒன்று குறைந்தால் இன்னொரு கணக்கில் அது ஏறியே ஆகவேண்டும். கடைசியில் இரண்டு பக்கமும் டாலி ஆக வேண்டும். ஆகவில்லையா? உதைக்கிற தொகையைத் தற்காலிகமாக ஒரு இடத்தில் எழுதி வைப்போம். அதற்குப் பெயர் அனாமத்துக் கணக்கு. தற்காலிகமாகத்தான். அப்புறம் உட்கார்ந்து தப்பைக் கண்டுபிடித்து அந்தக் கணக்கைத் தீர்க்க வேண்டும். அனாமத்தை அப்படியே விட்டுவிட்டு வருஷக் கணக்கை முடிக்கிறவன் ஒன்று சோம்பேறி, இல்லையென்றால் திருடன்.

நம் வீடுகளின் சுத்தம் முழுக்க அனாமத்துக் கணக்கில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது என்பது என் குற்றச்சாட்டு.

பொங்கல் நாலு நாளையே எடுத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் போகி. நம் வீட்டுக் குப்பையை வெளியே தள்ளுகிறோம். அடுத்த இரண்டு நாள் சூரியனுக்கும் மாட்டுக்கும் நன்றி சொல்கிறோம். நாலாவது நாள் காணும் பொங்கல். அடுத்தவர் ஊருக்குப் போய்க் குப்பை போடுகிறோம். நன்றி சொன்ன மாடு, நாம் போட்ட பிளாஸ்டிக் பையை மிச்ச சாம்பார் சாதத்தோடு சேர்த்துத் தின்கிறது.

போகிக்கு எரிப்பது நம் பண்பாடு என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். வாருங்கள். உங்கள் தாத்தா எரித்தது என்ன? கிழிந்த பாய், தேய்ந்த துடைப்பம், ஓட்டை முறம், பழைய ஓலை. எல்லாம் மண்ணிலிருந்து வந்தவை. எரித்தால் சாம்பல், சாம்பல் மறுபடி மண்ணுக்கு. கணக்கு டாலி. நீங்கள் எரிப்பது டயர், ரெக்ஸின், ஃபோம் தலையணை. 2018 போகியன்று பனியும் புகையும் சேர்ந்து சென்னை விமான நிலையத்தில் ஓடுபாதை தெரியாமல் விமானங்களை வேறு ஊர்களுக்குத் திருப்பிவிட்டார்கள். சமீப வருஷங்களில் சென்னை மாநகராட்சியே போகிக்கு முன்னால், எரிக்காதீர்கள், பழைய பொருட்களை எங்களிடம் கொடுங்கள் என்று கெஞ்சிக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

நான் யோக்கியன் என்று சொல்லவரவில்லை. ஒரு போகிக்கு எங்கள் வீட்டுப் பழைய ஃபோம் மெத்தையைத் தெருமுனைக் காலி மனையில் சாய்த்து வைத்துவிட்டு வந்தவன் நான்தான். 'யாராவது இல்லாதவங்க எடுத்துப்பாங்க' என்று மனசுக்குள் ஒரு தர்மக் கணக்கும் எழுதிக்கொண்டேன். விடியற்காலை மூன்று மணிக்கு யாரோ அதைக் கொளுத்தினார்கள். அந்தப் புகை நேராக எங்கள் படுக்கையறைக்கே வந்தது. என் பெண் இரவெல்லாம் இருமினாள். அனாமத்துக் கணக்கு சில சமயம் அவ்வளவு சீக்கிரம் திரும்பி வந்துவிடும்.

நாற்பதைத் தாண்டியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். நம் தெருவில் ஒரு ஆள் சைக்கிளில் வருவார். பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம் கொடுப்பார். இன்னொரு அம்மா பழைய துணிக்கு எவர்சில்வர் கிண்ணம் கொடுப்பார். நம் அம்மாக்கள் அரை மணி நேரம் பேரம் பேசி, ஒரு பட்டுப்புடவைக்கு ஒரு டப்பா வாங்கி, அப்புறம் ஒரு வாரம் ஏமாந்துவிட்டோம் என்று புலம்புவார்கள். வீட்டிலிருந்து வெளியே போன ஒவ்வொரு பொருளும் யாரிடம் போகிறது, எதற்குப் போகிறது என்று அந்த அம்மாக்களுக்குத் தெரியும். நமக்குத் தெரிந்தது கறுப்பு நிற பிளாஸ்டிக் பை மட்டும். கட்டி வெளியே வைத்தால் காலையில் காணோம். நாம் அதற்குப் பெயர் வைத்திருக்கிறோம், சுத்தம் என்று.

இப்போது வீடு ஒழிப்பதற்கு உலக அளவில் குருமார்கள் உண்டு. ஜப்பானில் மாரி கோண்டோ என்று ஒரு பெண்மணி. ஒவ்வொரு பொருளாகக் கையில் எடுங்கள், அது மனசுக்கு மகிழ்ச்சி தருகிறதா என்று பாருங்கள், தந்தால் வையுங்கள், தராவிட்டால் நன்றி சொல்லி அனுப்பிவிடுங்கள் என்பார். அவருடைய தொடர் நெட்ஃபிளிக்ஸில் வந்த நாள் 2019 ஜனவரி 1. அதே நாளில்தான் தமிழ்நாட்டில் 14 வகை ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை அமலுக்கு வந்தது. ஒரே நாளில் இரண்டு உபதேசம். முதலாவதைப் பணம் கட்டிப் பார்த்தோம். இரண்டாவதை இலவசமாகவே மறந்தோம்.

கோண்டோவின் முறையில் எனக்கு ஒரே ஒரு சண்டைதான். 'நன்றி, போய் வா' என்று அனுப்புகிறோமே, அது எங்கே போகிறது? வழியனுப்புவதோடு கணக்கு முடிந்துவிடுமா? 2023-ல் அவரே, மூன்றாவது குழந்தைக்குப் பிறகு பழையபடி வீட்டை அடுக்க முடியவில்லை, விட்டுவிட்டேன் என்கிற மாதிரி சொல்லிவிட்டார். அதற்காக அவர்மேல் எனக்கு மரியாதை கூடியது. ஆனால் அவருடைய ஜப்பானிலேயே ஒரு நல்ல விஷயம் இருக்கிறது. டோக்கியோவில் பழைய கட்டிலையோ சோபாவையோ வெளியே வைக்க வேண்டுமென்றால், முதலில் கடையில் பணம் கட்டி ஒரு ஸ்டிக்கர் வாங்கி ஒட்ட வேண்டும். அப்போதுதான் வண்டி வந்து எடுக்கும். தூக்கி எறிவதற்குக் காசு. நம் ஊரில் வாங்கும்போது தவணை கேட்பார்கள், எறியும்போது யாரும் எதுவும் கேட்பதில்லை.

எங்கே போகிறது என்று நிஜமாகவே தெரிய வேண்டுமா? சென்னைவாசி என்றால் பெருங்குடியைப் போய்ப் பாருங்கள். பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தின் ஒரு பகுதியில் பல்லாண்டுகளாக நம் வீடுகளைக் கொட்டினார்கள். 2022 ஏப்ரலில் அந்தக் குப்பைமேடு தீப்பிடித்து நாள்கணக்கில் புகைந்தது. அதே வருஷம் அதே பள்ளிக்கரணை, உலக முக்கியத்துவம் வாய்ந்த ராம்சர் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. ஒரு பக்கம் உலகப் புகழ், ஒரு பக்கம் நம் வீட்டு மெத்தை.

கொழும்பில் இன்னும் கொடுமை. மீதொட்டமுல்லை என்ற இடத்தில் நகரத்துக் குப்பையெல்லாம் மலையாகக் குவிந்திருந்தது. 2017 ஏப்ரல் 14, சித்திரைப் புத்தாண்டு தினம். அந்த மலை சரிந்து, பக்கத்தில் இருந்த ஏழைகளின் வீடுகள் மேல் விழுந்தது. முப்பது பேருக்கு மேல் செத்துப்போனார்கள். கொழும்பில் எத்தனையோ வீடுகளைப் புத்தாண்டுக்காகச் சுத்தம் செய்திருப்பார்கள். அந்தச் சுத்தமெல்லாம் சேர்ந்து எங்கே போய் உட்கார்ந்தது என்பது அன்றைக்குத் தெரிந்தது.

'சார், இதெல்லாம் அரசாங்கம் செய்ய வேண்டிய வேலை' என்று சொல்லப் போகிறீர்கள். ஒத்துக்கொள்கிறேன், பாதி. அந்த 14 பொருள் தடைப் பட்டியலில் பிளாஸ்டிக் பூச்சு பூசிய பேப்பர் கப்பும் உண்டு என்று எத்தனை டீக்கடைக்காரருக்குத் தெரியும்? எத்தனை அதிகாரி சொன்னார்? தண்ணீர் பாக்கெட் பட்டியலில் இருக்கிறது. தண்ணீர் பாட்டில் இல்லை. ஏழை குடிப்பது தடை, காரில் போகிறவர் குடிப்பது தாராளம். 2021 டிசம்பரில் மீண்டும் மஞ்சப்பை என்று ஒரு இயக்கத்தை அரசு தொடங்கியது. நல்ல காரியம். ஆனால் கடைக்காரர் கவரை நீட்டும்போது வேண்டாம் என்று சொல்ல வேண்டிய வாய் அரசாங்கத்துடையது இல்லையே.

அரசாங்கம் நினைத்தால் முடியும் என்பதற்கும் சாட்சி இருக்கிறது. அதுவும் டாஸ்மாக்கில்! காட்டில் கிடக்கும் பாட்டில் துண்டு யானைக் காலைக் கிழிக்கிறது என்று சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகு, 2022-ல் நீலகிரியில் ஒரு முறை வந்தது. பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்குவார்கள், காலி பாட்டிலைக் கொண்டுவந்தால் பத்து ரூபாயைத் திருப்பித் தருவார்கள். எவ்வளவு போதையில் இருந்தாலும் பத்து ரூபாய் கணக்கு தெரியும் அல்லவா? பெரும்பாலான பாட்டில்கள் திரும்பி வந்தன. அப்புறம் மற்ற மாவட்டங்களுக்கும் படிப்படியாகக் கொண்டுபோனார்கள். ஜெர்மனியில் 2003-லிருந்தே தூக்கி எறியும் பாட்டிலுக்கு 25 சென்ட் இப்படி வாங்கித் திருப்பித் தருகிறார்கள். குடிகாரனிடம் வாங்கத் தெரிந்த பத்து ரூபாயை, மினரல் வாட்டர் குடிக்கிற என்னிடம் ஏன் வாங்கவில்லை? என் நாலு பாட்டிலுக்கு நாற்பது ரூபாய் என்றால், ஜவ்வாது மலையிலிருந்து அவை என்னோடு இறங்கி வந்திருக்கும். கம்பெனிகள் எதிர்க்கும். எதிர்க்கட்டும். சம்பாதிப்பது அவர்கள், பொறுக்குவது அந்த ஆயா என்றால் அது வியாபாரம் இல்லை.

இன்னொரு கேள்வியும் வரும். 'அப்படியானால் மலைவாசிகள் மாதிரி வாழச் சொல்கிறீர்களா?' இல்லவே இல்லை. ஜவ்வாது மலையில் பெரும்பாலும் வாழ்பவர்கள் மலையாளிப் பழங்குடியினர். கேரளாக்காரர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். சாமை விளைவித்து, தேன், புளி எடுத்து வாழும் தமிழ் பேசும் மக்கள். அவர்களைப் பார்த்து 'ஆஹா, எவ்வளவு எளிமை' என்று மூக்கில் விரல் வைப்பது எனக்குப் பிடிக்காது. வறுமையை எளிமை என்று கூப்பிடுவது நகரத்துக்காரன் வியாதி. அவர்கள் வீட்டிலும் ஷாம்பு சாஷே உண்டு, பிளாஸ்டிக் குடம் உண்டு. ஃபிரிட்ஜ் கொடுத்தால் ஆயா சந்தோஷமாக வாங்கிக்கொள்வார்.

வித்தியாசம் ஒன்றே ஒன்றுதான். அந்த மலைக் கிராமத்து வாசலுக்குத் தினமும் காலை ஆறு மணிக்கு லாரி வருவதில்லை. நமக்கு வருகிறது. நாம் சுத்தமானவர்கள் என்று நம்பிக்கொண்டிருப்பது அந்த லாரியின் புண்ணியத்தில். நாம் தூங்கி எழுவதற்குள், கையுறை கிழிந்த ஒரு தூய்மைப் பணியாளர் நம் டயபரையும் நம் மீன் முள்ளையும் பிரித்து எடுத்துக்கொண்டு போய்விடுகிறார். போகி விடியலிலும் அவருக்கு வேலை. காணும் பொங்கலுக்கு மறுநாள் மெரினா மணலிலும் அவருக்கு வேலை. நாலு நாள் அந்த லாரி வரவில்லையென்றால் தெரியும், யார் சுத்தம் என்று.

அந்த மலை வெறும் டூரிஸ்ட் ஸ்பாட் இல்லை. சிலருக்கு அது வாசல். தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்தவர்கள் என்று மலையாளி மக்கள் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். அதே மலையில் பிறக்கும் செய்யாறு, கீழே இறங்கிப் போய்க் காஞ்சிபுரத்துப் பக்கம் பாலாற்றில் கலக்கிறது. மேலே ஓடையில் நாம் விட்ட கப் கீழே யாருடைய ஏரியில் வந்து ஒதுங்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஆயிரக்கணக்கான வருஷத்துக்கு முந்தைய பெருங்கற்கால மனிதர்கள் அந்த மலையில் கல்திட்டைகளை விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். நாம் விட்டுவிட்டு வந்தது நாலு பாட்டில்.

சரி, என்ன செய்யலாம்? டிப்ஸ் இல்லை என்றேன். கணக்குப் பிள்ளையாக ஒரு யோசனை மட்டும் சொல்கிறேன்.

போகிக்கு முன்னால் வீடு ஒழிப்பதைவிட, பொங்கலுக்குப் பிறகு ஒழிப்பதுதான் முக்கியம். ஏனென்றால் இப்போதுதான் வீட்டுக்குள் என்னென்ன வந்தது என்று தெரியும். இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு நோட்டு எடுங்கள். மூன்று பத்தி போடுங்கள். உள்ளே வந்தது என்ன, வெளியே போவது என்ன, போவது எங்கே. கரும்புச் சக்கை, வாழையிலை என்றால் மாட்டுக்கோ மண்ணுக்கோ. அட்டைப்பெட்டி, பாட்டில் என்றால் பழைய பேப்பர் கடைக்கு. நல்ல துணி என்றால் அதைக் கட்டப்போகிற ஒரு ஆளின் பெயர். மூன்றாவது பத்தியில் எழுத எதுவும் இல்லாத பொருட்கள் என்னென்ன என்று பாருங்கள். அவற்றை அடுத்த வருஷம் வாங்காதீர்கள். அவ்வளவுதான்.

அந்த நோட்டை எழுதுவது வீட்டு ஆண்களின் வேலையாக இருக்கட்டும். கட்டைப் பையைப் பிரிப்பதும் துணி மலையை மடிப்பதும்கூட. எதை வாங்குகிறோம் என்று தீர்மானிக்கும்போது குரல் கொடுப்பவர்கள், எதை எறிகிறோம் என்று பார்க்கும்போதும் கொஞ்சம் குனியட்டும்.

மலைக்குப் போகிறீர்களா? போகும்போது எண்ணுங்கள், திரும்பும்போது எண்ணுங்கள். ஆறு போனால் ஆறு வர வேண்டும்.

கடைசியாக ஒன்று. அன்று ஆயாவின் இரண்டாவது குவியலை ஒரு சாக்கில் அள்ளி என் வண்டி டிக்கியில் போட்டுக்கொண்டேன். பெரிய தியாகம் இல்லை, வெட்கம். ஊர் வந்து சேரும் வரை நாற்றம். வீட்டில் பிரித்தேன். பாட்டில்கள் பழைய பேப்பர் கடைக்குப் போயின. கப்புகளும் சிப்ஸ் பாக்கெட்டும் டயபரும் மிச்சம். அவற்றை வாங்கிக்கொள்ள ஆளில்லை. தெருத் தொட்டியில் போட்டேன். காலையில் லாரி எடுத்துக்கொண்டு போனது.

எங்கே என்று கேட்டால், எனக்கும் பதில் தெரியாது. ஆயா கேட்ட கேள்விக்கு இன்னும் நான் கடன்காரன்.